வகுப்பறையை மாயாஜால உலகம் போல அலங்கரிப்பது எப்படி? என்னென்ன செயல்பாடுகள் நடத்தலாம்?

கேள்வியில் நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: ஊர் மதுரை, ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள், வகுப்பறையை மாயாஜால உலகம் போல மாற்றச் சொல்லியிருக்கிறார்கள், என்ன வாங்குவது, என்ன நடத்துவது. மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது. அலங்கரிக்கச் சொன்னவர் காசைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார். நீங்களும் செல்போனில் தேடி ரோஸ் கலர் கோட்டை, ஒற்றைக்கொம்புக் குதிரை, சிறகு வைத்த தேவதை என்று படம் படமாகச் சேர்த்துவைத்துவிட்டு, விளக்குத்தூண் பக்கம் போய் ஜிகினாத்தாளும் தெர்மாகோலும் வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

நான் மேலூர் ரோட்டில், ஒத்தக்கடையைத் தாண்டி ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் டீச்சர். எங்கள் வகுப்பு ஜன்னலைத் திறந்தால் யானைமலை. இங்கே பிள்ளைகளுக்கு அது யானை என்று யாரும் காட்டித் தர வேண்டியதில்லை, தும்பிக்கை எது, முதுகு எது என்று அவர்களே சொல்லுவார்கள். மேற்கே நாகமலை, தெற்கே பசுமலை. திருவிளையாடல் புராணத்தில் இந்த மூன்றுக்கும் தனித்தனிப் படலமே இருக்கிறது. மதுரையை அழிக்க ஏவிவிட்ட மாய யானை, மாயப் பாம்பு, மாயப் பசு மூன்றும் விழுந்து மலையாகிவிட்டன என்று கதை. பரஞ்சோதி முனிவர் பாடிய 64 படலங்களில் நரி குதிரையாகிறது, கல் யானை கரும்பு தின்கிறது, குண்டோதரன் என்கிற பூதம் கல்யாண வீட்டுச் சோறு மொத்தத்தையும் தின்றுவிட்டு இன்னும் பசிக்கிறது என்கிறது. இத்தனையும் சொந்த ஊரில் கிடக்கும்போது கோட்டையை எதற்குக் கடையில் வாங்க வேண்டும்?

இதைச் சொன்னால் உடனே சிலர் கிளம்பிவிடுவார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் புராணம் நடத்து என்று நான் சொல்லவில்லை. என் வகுப்பில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். யானையை ஏவியது சமணர்கள் என்று புராணம் சொல்கிறது. அந்தப் பகுதியை நான் தொடவே இல்லை. அதே யானைமலையில் சமணர்களின் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன, மழைக்கு முந்தின மாதம் மலையடிவாரத்துக்குக் கூட்டிப் போனபோது பிள்ளைகள் அண்ணாந்து பார்த்த சிற்பங்கள். அவற்றைச் செதுக்கியவர்களைக் கெட்டவர்கள் என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? எனக்கு வேண்டியது ஒரு யானை, அது தூங்குகிறது, அவ்வளவுதான். இதில் மதம் தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளட்டும்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். எங்களுக்கும் ஒரு வருடம் இதே மாதிரி 'கற்பனை உலகம்' என்று வந்தது. என்ன செய்யலாம் என்று பிள்ளைகளிடமே கேட்டேன். ஒரு பையன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "டீச்சர், அது எந்திரிச்சா எந்தப் பக்கம் போகும்?" என்றான். வகுப்பே கத்த ஆரம்பித்துவிட்டது. "ஹைகோர்ட்டுக்குத்தான் போகும், பக்கத்துல இருக்கு, கேஸ் போடும்" என்றான் ஒருத்தன். வேளாண்மைக் கல்லூரிக்குப் போகும், அங்கேதான் பயிர் நிறைய இருக்கிறது என்றாள் ஒருத்தி. வைகைக்குத் தண்ணீர் குடிக்கப் போகும் என்று ஒரு பிள்ளை சொல்ல, "வைகையில ஏது தண்ணி?" என்று பின் வரிசையிலிருந்து பதில் வந்தது. அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை. ஆனால் வேண்டியது கிடைத்துவிட்டது: யானைமலை எழுந்தால் என்ன ஆகும்? அது எழாமல் இருக்க நாம் என்ன செய்ய வேண்டும்?

என்னைக் கேட்டால், மாயாஜாலம் சுவரில் இல்லை, இந்த மாதிரி ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. சுவரில் தேவதையை ஒட்டினால் பிள்ளைகள் முதல் நாள் பார்ப்பார்கள், மறுநாள் அதன்மேல் பை மாட்டுவார்கள். பிள்ளைகளுக்கு அந்த உலகத்தில் ஒரு வேலை இருக்க வேண்டும். யானை தூங்க வேண்டும் என்றால் தினமும் அதற்குச் சாப்பாடு போக வேண்டும், அதன் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும், சத்தம் போடக்கூடாது. (கடைசி விதியால் எனக்குக் கிடைத்த நிம்மதி தனிக்கதை.)

அலங்காரத்துக்கு வருகிறேன். ஃபிரிட்ஜ் விற்கிற கடைகளில் கேட்டால் பெரிய அட்டைப்பெட்டி சும்மாவே தருவார்கள். அதைப் பிரித்து வெட்டி ஒரு சுவர் நீளத்துக்கு யானை செய்தோம். தலையும் முதுகும் மட்டும் நான் வரைந்தேன். உடம்பை வெறுமையாகவே விட்டுவிட்டேன். தினமும் பிள்ளைகள் கையால் கிழித்த பழைய பேப்பர் துண்டுகளை ஒட்டி நிரப்பினார்கள். செம்மண்ணைக் கரைத்துச் சலித்தால் அருமையான வண்ணம், அடுப்புக்கரித் தூள் கறுப்பு, கோலமாவு வெள்ளை. பழைய சேலை இரண்டை மூலையில் கட்டி ஒரு குகை, உள்ளே கதைப்புத்தகம். ஜன்னல் கம்பியில் கலர் கண்ணாடித்தாள், காலை வெயில் வந்தால் தரையெல்லாம் பச்சையும் சிவப்பும். இதற்குமேல் நான் எதுவும் செய்யவில்லை.

கிரேப் பேப்பர் தோரணம் கட்டாதீர்கள், ஃபேன் போட்ட ஐந்தாவது நிமிடம் தலையில் விழும். செல்லோடேப்பைச் சுவரில் ஒட்டாதீர்கள், பிய்க்கும்போது பெயிண்டும் சேர்ந்து வரும், ஹெச்.எம்.மிடம் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். ஆணிக்கு ஆணி கயிறு கட்டி, துணி கிளிப்பில் தொங்கவிடுங்கள். மைதாப் பசை காய்ச்சினால் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடச் சொல்வார்கள், போஸ்டர் ஒட்டுகிறவர்கள் போடுவது. பிள்ளைகள் கை வைக்கிற பசையில் அது வேண்டவே வேண்டாம், விஷம். சீரியல் பல்பு மாட்டினால் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில். தெர்மாகோலைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தண்ணீர் ஆவியாகாமல் இருக்க 2017-இல் வைகை அணையில் அதை மிதக்கவிட்ட கேலியே இன்னும் ஓயவில்லை. பிள்ளைகள் அதைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டால் பெருக்குகிற அக்கா உங்களைத்தான் திட்டுவார்.

அட்டைப்பெட்டி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கே.கே.நகர் ஆர்ச் பக்கம் ஒரு கடையில் பெட்டியை வாங்கி, மடித்துக் கட்டி, டவுன் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் என்னையும் பெட்டியையும் பார்த்து, "ஃப்ரீ டிக்கெட்டுக்கு இவ்வளவு லக்கேஜா?" என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி கேட்டார். லக்கேஜுக்குக் காசு தருகிறேன் என்று பர்ஸைத் திறந்தேன். வாங்கவும் இல்லை, வாயையும் மூடவில்லை. பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021-இல் அரசு அறிவித்தது; கண்டக்டர் தன் சட்டைப்பையிலிருந்தா கொடுக்கிறார்? காலையில் நாலு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போகிற அம்மாக்களை இதைவிட மோசமாகப் பேசுவதை அந்த பஸ்ஸில் தினமும் கேட்கிறேன். எல்லாரும் அப்படி இல்லை, நல்லவர்களும் இருக்கிறார்கள், தெரியும். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதும் தெரியும். சொல்ல வேண்டும் போல இருந்தது, சொல்லிவிட்டேன்.

செயல்பாடுகள். முதலில் கணக்கு. நிஜ யானையே ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோ வரை தின்னும், நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும் என்று சொன்னேன். மலை யானைக்கு எவ்வளவு வேண்டும்? விளக்குமாற்றுக் குச்சிதான் கரும்பு. பத்துப் பத்தாகக் கட்டு, பத்துக் கட்டு சேர்ந்தால் ஒரு வண்டி. ஒன்று, பத்து, நூறு என்று இட மதிப்பை நான் கரும்பலகையில் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். கரும்பு வண்டியில் ஏறின அளவுக்கு மண்டையில் ஏறினதில்லை. குண்டோதரன் கதையை வைத்து அளவை நடத்தினேன். வீட்டிலிருந்து ஆழாக்கு, உழக்கு, படி கொண்டுவரச் சொன்னேன், மணலை அளந்து அளந்து பூதத்தின் வாயில், அதாவது ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் கொட்டினார்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். அப்புறம் தண்ணீர், லிட்டர் பாட்டிலில். பூதத்தின் தாகத்தைத் தீர்க்கத்தான் வைகை வந்தது என்ற கதை அந்த இடத்தில் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

தமிழுக்கு யாளி. மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்துத் தூணில் பார்த்திருப்பீர்கள், சிங்க உடம்பும் யானைத் தும்பிக்கையுமாக. தலை அட்டை, உடம்பு அட்டை, வால் அட்டை என்று தனித்தனியாக வெட்டி, பிள்ளைகள் இஷ்டத்துக்குச் சேர்த்து ஒரு பிராணி செய்து பெயர் வைக்க வேண்டும். மயில் தலை ஆடு, முதலை வால் கோழி என்று வகுப்பு ரெண்டுபட்டது. அந்தச் சூட்டோடு உயிர்மெய்யை எடுத்தேன். 'க்' தலை, 'ஆ' வால், சேர்ந்தால் 'கா'. உயிர்மெய் எழுத்தும் ஒரு யாளிதான் என்றதும் சிரித்தார்கள், பிடித்துக்கொண்டார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கடிதம். வாசலில் ஒரு பெட்டி. பிள்ளைகள் யானைக்கு எழுதிப் போட வேண்டும், மறுநாள் காலையில் யானையின் பதில் இருக்கும், சாயங்காலம் உட்கார்ந்து நான்தான் எழுதுவேன். யானை ல, ள, ழ மூன்றையும் குழப்பிவிடும், 'மழை மேளே' என்று எழுதும். யானைக்கே தப்புத் திருத்திக் கொடுக்கிறோம் என்ற பெருமையில் சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு வந்தார்கள். வருடம் முழுக்க எழுதவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளை, பெயர் வேண்டாம், ஒரே ஒரு வரி எழுதிப் போட்டிருந்தது: "எந்திரிக்காத. எங்க வீடு ஓட்டு வீடு." அதற்கு என்ன பதில் எழுதுவது என்று ராத்திரி வெகுநேரம் யோசித்தேன். 'உங்கள் தெருப் பக்கம் கால் வைக்க மாட்டேன், சத்தியம்' என்று எழுதினேன், அதுவும் ரெண்டு எழுத்துப்பிழையோடு.

பிள்ளைகளைப் பயமுறுத்துகிறாய் என்று ஒரு பெற்றோர் வந்தது உண்மை. அவருடைய மகள்தான் யானைக்கு மதியச் சாப்பாட்டில் பாதியை எடுத்து வைத்தது என்று காட்டியதும் சிரித்துவிட்டுப் போனார். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஏற்கனவே இருக்கிறது, அதைவிட்டு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அதில்தான் கதைக் களம், பொம்மலாட்டக் களம் எல்லாம் இருக்கிறது; அரும்பு, மொட்டு, மலர் என்று அதில் பிரிக்கும் மூன்று கற்றல் நிலைப் பிள்ளைகளும் ஒரே யானைக்கு வேலை செய்ய முடிந்தது. நான் எதையும் விட்டுவிடவில்லை.

ஆசிரியர் கூட்டம் ஒன்றில் அவரவர் வகுப்பறைப் படங்களைக் காட்டச் சொன்னார்கள். வேறொரு பள்ளியில் மின்னுகிற கோட்டை, ஆயிரக்கணக்கில் செலவு, பிள்ளைகள் தொடக்கூடாது என்று முன்னால் கயிறு கட்டியிருந்தது படத்திலேயே தெரிந்தது. அதற்குத்தான் கைத்தட்டல். என் யானையைப் பார்த்து ஒருவர், "இது ஃபேன்டசி இல்லையே மிஸ், ஃபேன்டசின்னா டிராகன், ஃபேரி எல்லாம் வரணும்" என்றார். ஊரையே மிதிக்க வந்த மாய யானை மலையாகிப் படுத்திருப்பது ஃபேன்டசி இல்லையென்றால் வேறு எது என்று கேட்க வாய் வரை வந்தது. அவர் சீனியர், கேட்கவில்லை. கோட்டை வைத்தவர் மேலும் எனக்குக் கோபமில்லை, அவர் காசு, அவர் சிரமம். அந்தக் கயிறுதான் உறுத்தியது.

நீங்கள் இருப்பது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. திருப்பரங்குன்றம் பக்கம் என்றால் பசுமலை இருக்கிறது, விளாச்சேரியில் மண் பொம்மை செய்கிறார்கள், கொஞ்சம் களிமண் கேட்டு வாங்கலாம். பல்கலைக்கழகம் பக்கம் என்றால் நாகமலை, பாம்பை எவ்வளவு நீளத்துக்கு வேண்டுமானாலும் வராண்டா முழுக்க விடலாம், அளவுகோல் பாடத்துக்கு அதைவிட நல்லது கிடைக்காது. திருவாதவூர் பக்கம் என்றால் மாணிக்கவாசகர் பிறந்த ஊர், நரி குதிரையான கதையை எடுங்கள், ஒரு பக்கம் நரி, திருப்பினால் குதிரை என்று முகமூடி செய்யலாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் பள்ளி ஓட்டுச்சாவடி ஆகுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முந்தின நாள் எங்கள் வகுப்பறைக்கு வந்தவர்கள் சுவரைப் பார்த்துத் திகைத்துவிட்டார்கள். யானை பகுஜன் சமாஜ் கட்சியின் சின்னம். கழற்ற முடியாமல் மேலே நியூஸ்பேப்பரை ஒட்டி மூடிவிட்டுப் போயிருந்தார்கள், பிய்த்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. யானை வைப்பதாக இருந்தால் அதையும் கயிறும் கிளிப்புமாகவே மாட்டுங்கள்.