மகள் ரேஞ்சர் வேலைக்குப் போகிறேன் என்கிறாள்: லண்டனில் வாழும் ஒரு தந்தைக்கு

வணக்கம் ஐயா,

பிளஸ் டூவுக்கு இணையான ஏ-லெவலில் உயிரியலும் புவியியலும் நன்றாகப் படிக்கும் பெண். பார்மசி படிப்பாள் என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த நேரத்தில், பீக் டிஸ்ட்ரிக்ட் நேஷனல் பார்க் பக்கம் போய், அங்குள்ள நிலத்தையும் நடைபாதைகளையும் கவனித்துக்கொள்ளும் ரேஞ்சர் வேலை பார்ப்பேன் என்கிறாள். "வேலி கட்டவும் குப்பை பொறுக்கவுமா இவ்வளவு படிக்க வைத்தோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். வேலி கட்டுவதும் குப்பை பொறுக்குவதும் அந்த வேலையில் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் படித்த பிள்ளைக்குக் குறைவான வேலை இல்லை அது. அவளைத் தடுக்காதீர்கள். அதே சமயம், அவசரப்பட்டு எந்தப் பட்டப்படிப்பிலும் சேர்க்கவும் வேண்டாம். முதலில் ஒரு குளிர்காலம் முழுக்க அந்த வேலையைத் தொண்டராகச் செய்து பார்க்கட்டும். கோடையில் செய்து பார்த்தால் போதாது, குளிர்காலம்தான் வேண்டும்.

நேஷனல் பார்க் என்றதும் நமக்கு மனிதர் வாழாத அரசுக் காடு நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் அப்படி இல்லை. இங்குள்ள 10 நேஷனல் பார்க்குகளிலும் ஊர்கள் இருக்கின்றன, பண்ணைகள் இருக்கின்றன, மேய்கிற ஆடுகள் இருக்கின்றன. நிலத்தில் பெரும்பகுதி தனியாருடையது. அந்த நிலத்தின் வழியே நடந்து போகும் உரிமை மட்டும் பொதுமக்களுக்கு உண்டு. அந்த உரிமையும் சும்மா கிடைக்கவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று பீக் டிஸ்ட்ரிக்டில் உள்ள கிண்டர் ஸ்கவுட் மலைமேல் தடையை மீறி ஏறியவர்களில் 5 பேர் சிறைக்குப் போனார்கள். 1949-ல் நேஷனல் பார்க் சட்டம் வந்தது, 1951-ல் பீக் டிஸ்ட்ரிக்ட் முதல் பூங்காவானது. 1954 புனித வெள்ளியன்று ஈடேல் கிராமத்தில் டாம் டாம்லின்சன் என்பவர் அதன் முதல் வார்டனாக (இன்றைய ரேஞ்சர்) வேலையைத் தொடங்கினார். நடக்க வருபவர்களுக்கும் நிலத்துக்காரர்களுக்கும் நடுவில் நிற்க ஒரு ஆள் வேண்டும் என்பதுதான் அன்றைய தேவை. இன்றும் இந்த வேலையின் சாரம் அதுவேதான். காட்டு விலங்குகளோடு வாழ்கிற வேலை என்று உங்கள் மகள் நினைத்திருந்தால், அந்த எண்ணத்தை முதலில் திருத்திக்கொள்ள வேண்டும். பொழுதில் பாதி மனிதர்களோடு போகும். மீதி, நிலத்தைப் பழுதுபார்ப்பதில் போகும்.

இப்போது குளிர்காலத்துக்கு வருகிறேன். மரம் வெட்டுவதும் உயிர்வேலியைச் சீரமைப்பதும் பறவைகள் கூடு கட்டத் தொடங்குவதற்குள் முடிய வேண்டிய வேலைகள். மார்ச் வந்துவிட்டால் கை வைக்க முடியாது. அதனால் நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் உடம்பு முறியும் காலம். உயிர்வேலிச் செடியின் தண்டைப் பாதிக்குமேல் வெட்டி, ஒடியாமல் சாய்த்து, பக்கவாட்டில் பின்ன வேண்டும். வசந்தத்தில் அது அடியிலிருந்து துளிர்த்து அடர்ந்து வரும். காரை இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய சுவர்கள் பனியில் சரியும்; அவற்றைப் பிரித்து மறுபடி அடுக்க வேண்டும். சதுப்பில் மூழ்கிய நடைபாதைக்குப் பலகை போட வேண்டும். இவற்றோடு இப்போது ஆஷ் மரங்களின் பிரச்சினை சேர்ந்திருக்கிறது. 2012-ல் இந்த நாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பூஞ்சை நோய் அந்த மரங்களை நுனியிலிருந்து காய வைக்கிறது. காய்ந்த கிளை பாதையில் போகிறவர் தலையில் விழலாம். எந்த மரத்தை வெட்டுவது, எதை வௌவாலுக்காகவும் மரங்கொத்திக்காகவும் விட்டுவைப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்மானிப்பது பல இடங்களில் ரேஞ்சரின் பொறுப்பு. உயிரியல் படித்த மூளைக்கு இங்கே வேலை இருக்கிறது, ஐயா. மழையில் நனைந்த கையுறையோடு, மாலை 4 மணிக்கு இருட்டிவிடும் நாளில் அந்தத் தீர்மானத்தை எடுக்க வேண்டும் என்பதுதான் வித்தியாசம். அந்த மாதங்களைத் தாண்டியும் ஆசை மிச்சமிருந்தால் அது நிலைத்து நிற்கும் ஆசை.

வசந்தத்தில் வேலையின் முகம் மாறும். ஆட்டுக்குட்டிகள் பிறக்கும், தரையில் கூடு கட்டும் பறவைகள், புல்லும் குறுஞ்செடியும் மண்டிய மேட்டு வெளிகளான மூர் நிலங்களுக்கு வரும். 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொதுமக்கள் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்று திறந்துவிடப்பட்ட நிலங்களில், மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். "என் நாய் யாரையும் ஒன்றும் செய்யாது" என்பவரிடம் முகம் கோணாமல் இதைப் புரியவைக்க வேண்டும். கைது செய்யும் அதிகாரம் ரேஞ்சருக்குக் கிடையாது. பேச்சுதான் ஆயுதம். கூச்சப்படும் பிள்ளையா உங்கள் மகள் என்பதைத்தான் இந்த இடத்தில் நான் கவலையோடு கேட்பேன். மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கமாட்டேன்.

கோடையில் பாதையை மூடும் புதரை வெட்டுவது, பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போவது, கார் நிறுத்த இடமில்லாமல் சண்டை போடுகிறவர்களை அமைதிப்படுத்துவது என்று நாள் ஓடிவிடும். ஆற்றங்கரைகளில் இமயமலைக் காசித்தும்பையைப் பிடுங்கும் வேலை உண்டு. 1839-ல் தோட்ட அழகுக்காகக் கொண்டுவந்த செடி அது. இன்று கரையோரத் தாவரங்களை நெரித்துக்கொண்டிருக்கிறது. விதை வெடித்துச் சிதறும் முன் வேரோடு எடுத்தாக வேண்டும்.

பிறகு தீ. 2018 ஜூனில் மான்செஸ்டருக்குக் கிழக்கே சாடல்வொர்த் மூர் எரிந்தபோது ராணுவ வீரர்களையே அழைக்க வேண்டியிருந்தது. மக்கிய தாவரங்கள் சேர்ந்து உருவான அங்குள்ள பீட் மண் மேலே அணைந்தாலும் உள்ளே புகைந்துகொண்டே இருக்கும். அத்தகைய நாட்களில் தீயணைப்புப் படையோடு ரேஞ்சர்களும் களத்தில் நிற்பார்கள், ஏனென்றால் எந்தப் பாதையில் வண்டி போகும், எங்கே தண்ணீர் இருக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். எரிந்த மலையில் ஈரத்தைத் தேக்கிவைக்கும் ஸ்பாக்னம் பாசியை மறுபடி நட்டு வளர்ப்பது பல ஆண்டு வேலை. பீட் மண்ணில் அடைபட்டிருக்கும் கார்பனை நினைத்தால், இந்த நூற்றாண்டில் இதைவிட அவசியமான வேலைகள் அதிகம் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

சரி, சம்பளம். இதில் உங்களுக்கு ஆறுதல் சொல்ல என்னால் முடியாது. புதிதாகச் சேர்பவருக்குப் பெரும்பாலும் ஆண்டுக்கு 25,000 பவுண்டை ஒட்டித்தான் கிடைக்கும். அனுபவம் கூடினால் 30,000-ஐச் சற்றுத் தாண்டும். பார்மசி படித்தவரோடு ஒப்பிட்டால் பெரிய இடைவெளி. முதல் சில ஆண்டுகள் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான பருவகால ஒப்பந்தங்களாகவே கிடைக்கலாம். அழகான மலைக்கிராமங்களில் வீட்டு வாடகை உயர்ந்துவிட்டது. விடுமுறைக்கு மட்டும் வருபவர்கள் வீடுகளை வாங்கிவிட்டார்கள். உள்ளாட்சிகளும் பூங்கா நிர்வாகங்களும் வருடக்கணக்காக நிதி நெருக்கடியில் இருக்கின்றன. காலி இடங்கள் குறைவு, போட்டி அதிகம். வீட்டுக்குப் பணம் அனுப்பும் பொறுப்பு மகள் தலையில் விழும் நிலை இருந்தால், அதை இப்போதே அவளிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். மறைத்து வைத்துப் பின்னால் குறை சொல்வது நியாயம் இல்லை.

ஒரு வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. 2024 பிப்ரவரி முதல் இங்கிலாந்தில் பெரும்பாலான புதிய கட்டுமானங்கள், தாங்கள் அழிக்கும் இயற்கைக்கு ஈடு செய்வதோடு 10 சதவீதம் கூடுதலாகவும் உருவாக்கித்தர வேண்டும் என்பது சட்டம். அதைக் கணக்கிடத் தாவரமும் உயிரினமும் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். களத்தில் சில ஆண்டு வேலை பார்த்தவர், பூவைப் பார்த்தே இனத்தைச் சொல்லத் தெரிந்தவர், சூழலியல் ஆலோசகராகப் போய் நல்ல சம்பளம் வாங்க முடியும். முழங்காலும் முதுகும் எல்லா வயதிலும் ஒத்துழைக்காது என்பதால், இந்த வழியை மகளும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

படிப்பு விஷயத்தை ஊர் வழக்கப்படி பட்டத்திலிருந்து தொடங்காதீர்கள். இந்தத் துறையில் ஆள் எடுப்பவர்கள் முதலில் பார்ப்பது ஓட்டுநர் உரிமம், செயின்சா சான்றிதழ், களைக்கொல்லி தெளிப்பதற்கான பிஏ1, பிஏ6 சான்றிதழ்கள், முதலுதவிப் பயிற்சி, தொண்டர் அனுபவம் ஆகியவற்றைத்தான். சம்பளத்தோடு கற்கும் அப்ரண்டிஸ்ஷிப்பில் லெவல் 2 கண்ட்ரிசைட் வொர்க்கர், லெவல் 4 கண்ட்ரிசைட் ரேஞ்சர் என இரண்டு உண்டு. ஏ-லெவல் முடித்த பெண்ணுக்கு லெவல் 4 பொருத்தம், ஆனால் இடங்கள் சில மட்டுமே. லண்டனிலேயே என்ஃபீல்டில், இதுபோன்ற நிலம் சார்ந்த படிப்புகளுக்கான கேப்பல் மேனர் கல்லூரி இருக்கிறது; பார்வையாளர்களை அனுமதிக்கும் ஓப்பன் டேயில் நீங்களும் கூடப் போய்ப் பாருங்கள். வேலை விளம்பரங்களுக்குக் கண்ட்ரிசைட் ஜாப்ஸ் சர்வீஸ் தளத்தை வாரம் ஒருமுறை பார்க்கட்டும். நேஷனல் டிரஸ்ட், பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆர்எஸ்பிபி, வைல்ட்லைஃப் டிரஸ்ட்கள், ஃபாரஸ்ட்ரி இங்கிலாந்து, கவுன்டி கவுன்சில்கள் எல்லாம் ஆள் எடுக்கின்றன. வார்டன், ரேஞ்சர், கண்ட்ரிசைட் ஆபீசர் என்று எந்தப் பெயரிலும் விளம்பரம் வரலாம்.

குளிர்காலத் தொண்டுக்கு மலைக்குப் போக வேண்டியதில்லை. லண்டனுக்குப் பக்கத்தில் எப்பிங் காட்டிலும் சில்டர்ன்ஸ் குன்றுகளிலும் தொண்டர் குழுக்கள் உண்டு. அக்டோபரில் சேர்ந்தால் வார இறுதி நாட்களிலேயே பிப்ரவரி வரை போய்வரலாம்; ஏ-லெவல் படிப்பும் கெடாது.

தனியாக ஒரு பெண் மலையில் என்று பயந்திருக்கிறீர்கள். தனியாக வேலை செய்பவர்களுக்கு முறையான ஏற்பாடு உண்டு: எங்கே போகிறேன், எப்போது திரும்புவேன் என்று பதிவு செய்து, குறித்த நேரத்தில் குரல் கொடுக்க வேண்டும், வராவிட்டால் தேடுவார்கள். நேர்காணலில் அந்த ஏற்பாட்டைப் பற்றி அவளே கேட்கட்டும். என்னைக் கேட்டால் உண்ணிக்கடிதான் அன்றாட ஆபத்து. அதனால் லைம் என்ற பாக்டீரியா நோய் வரலாம், தினமும் மாலையில் உடம்பைச் சோதிக்கப் பழக வேண்டும்.

இன்னொரு பயத்தை நீங்கள் எழுதவில்லை, ஆனால் வரிகளுக்கு நடுவில் தெரிந்தது. இந்த வேலையில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் வெள்ளையர். அவளுடைய குழுவில் நம்மவர் அவள் ஒருத்தியாகவே இருக்கக்கூடும். 2019-ல் ஜூலியன் குளோவர் தலைமையில் அரசுக்காகத் தயாரான அறிக்கையே, சிறுபான்மைச் சமூகத்தினர் பலர் இந்தப் பூங்காக்களைத் தங்களுடையதாக உணரவில்லை என்று ஒப்புக்கொண்டது. அது மாற வேண்டும் என்றால் உங்கள் மகளைப் போன்றவர்கள் அங்கே நிற்க வேண்டும். லண்டனில் தமிழர்கள் நிறைய வாழும் ஹாரோவிலிருந்தும் ஈஸ்ட் ஹாமிலிருந்தும் முதல்முறை மலைக்கு வரும் குடும்பத்துக்கு, தமிழில் வழி சொல்லும் ஒரு ரேஞ்சர் இருப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்தப் பாரத்தை அவள் தானாக விரும்பிச் சுமக்க வேண்டும். நீங்களோ நானோ ஏற்றக் கூடாது.

கடைசியாக, கோவையில் இருக்கும் உங்கள் தங்கை மகனும் இதே ஆசையில் மாணவர் விசாவில் வர நினைக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அவனுக்கு என் பதில் வேறு. உங்கள் மகள் இங்கேயே பிறந்தவள். அவளுக்கு விசா கவலை இல்லை. அவனுக்கு, படிப்பு முடிந்த பின் கிடைக்கும் குறுகிய காலம் போனதும், வேலை பார்ப்பதற்கான ஸ்கில்ட் வொர்க்கர் விசா வேண்டும். 2025 ஜூலை முதல் அதற்கான பொதுச் சம்பள வரம்பு 41,700 பவுண்ட். ரேஞ்சர் சம்பளம் அதன் பக்கத்தில்கூட வராது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டி இந்த வேலையை நம்பி வர வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது. அங்கே பி.எஸ்சி. வனவியல் படித்துவிட்டு, டிஎன்பிஎஸ்சி நடத்தும் வனத்துறைத் தேர்வுகளையும் யுபிஎஸ்சி நடத்தும் இந்திய வனப் பணித் தேர்வையும் எழுதலாம். அவன் இன்னும் பிளஸ் டூவில்தான் இருக்கிறான் என்றால், கலந்தாய்வுக்கு முன் ஒருமுறை அந்தக் கல்லூரிக்கு நேரில் போய்ப் பார்த்து வரச் சொல்லுங்கள்.