ஐம்பது நிமிடத்தில் தூத்துக்குடியா? – வாங்குவோர் கேள்வி-பதில்

கே: சென்னை – தூத்துக்குடி ஐம்பது நிமிடம் என்கிறது ஒரு இணையதளம். டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரம் போட்டிருக்கிறது. எதை நம்புவது? – பாளையங்கோட்டை

ப: டிக்கெட்டை. இந்தத் தளங்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். வரைபடத்தில் நேர்கோடு போட்டால் இரண்டு விமான நிலையத்துக்கும் நடுவே சுமார் 525 கி.மீ.; சாலையில் 600ஐத் தொடும். அந்த நேர்கோட்டைப் பெரிய ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்து, பத்து நிமிடம் கூட்டினால் அவர்கள் கணக்கு முடிந்தது. தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்துக்குப் பெரும்பாலும் வருவது புரொப்பெல்லர் வைத்த ஏடிஆர். மிஞ்சிப்போனால் மணிக்கு 500 கி.மீ. மீனம்பாக்கத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், முறை வரும்வரை வரிசையில் நிற்பதும் டிக்கெட் நேரத்தில் சேர்த்தி.

ஆனால் அந்த ஒன்றரை மணியும் முழுக்கணக்கு இல்லை. செக்-இன் கவுன்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். சென்னையில் வீட்டிலிருந்து கிளம்புவது, பெட்டிக்குக் காத்திருப்பது, வாகைக்குளத்திலிருந்து டாக்சி எல்லாம் சேர்த்தால் ஐந்து மணி நேரம் ஆகிவிடும். நெல்லை வந்தே பாரத் 2023இல் தொடங்கியபோது அறிவித்த நேரம் 7 மணி 50 நிமிடம். மிச்சமாகும் நேரத்துக்கு எத்தனை ரூபாய் தருவீர்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: சீக்கிரம் இறங்க முன்வரிசை சீட்டுக்குக் கூடுதல் பணம் கட்டலாமா? – ஏரல்

ப: ஏடிஆரில் வேண்டவே வேண்டாம். பயணிகள் கதவு பின்னால் இருக்கிறது. முன்னால் இருப்பது சாமான் ஏற்றும் கதவு. நானும் காசு கட்டி முதல் வரிசையில் உட்கார்ந்தவன்தான். கடைசி ஆளாக இறங்கினேன்.

கே: டிஆர்வி என்பதைத் திருநெல்வேலி என்று நினைத்து புக் செய்துவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா? – சாத்தான்குளம்

ப: அது திருவனந்தபுரம் விமான நிலையத்தின் குறியீடு. பணம் கட்டும் முன் ஊர்ப்பெயரை முழுசாகக் காட்டியிருப்பார்களே, படிக்க வேண்டாமா? கேன்சல் செய்யுங்கள், வரிகளும் விமான நிலையக் கட்டணமுமாவது திரும்பி வரும்.

கே: "நேரடி விமானம்" என்று வாட்ஸ்அப்பில் சொல்லி தூத்துக்குடி – பெங்களூரு டிக்கெட் விற்றார் ஏஜென்ட். அது சென்னையில் இறங்கி மாறும் பயணம். நடுவே ஐந்து மணி நேரம். முழங்கால் வலியோடு அம்மா தவித்துப்போனார். கேட்டால், "டிக்கெட்டில் பார்த்திருக்க வேண்டும்" என்கிறார். – திருச்செந்தூர்

ப: அம்மாவை அப்படி உட்கார வைத்தது அநியாயம். நீங்கள் பார்க்காமல் இருந்திருக்கலாம். அதற்காக அவர் பொய் சொன்னது சரியாகிவிடாது. வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். முதலில் எழுத்தில் பணம் கேளுங்கள். தராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடம் அவகாசம் உண்டு. நீங்கள் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. விடாதீர்கள்.

கே: சென்னையிலிருந்து வரும்போது கடல் எந்தப் பக்கம் தெரியும்? – ஆறுமுகநேரி

ப: தெரிந்தால் இடப்பக்கம். காலை விமானமென்றால் வெயிலும் அங்கேதான்.