நடிப்பு என்னும் சொல் – கடிதம்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

நான் குன்னூரைச் சேர்ந்தவன். கோவையில் வேலை, வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவேன். 24 வயதாகும் என் தங்கைக்கு பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர் என்ற, உணர்வுகளும் உறவுகளும் நிலைகொள்ளாத மனநலக் கோளாறு இருப்பதாக இரண்டு மாதங்களுக்கு முன் மனநல மருத்துவர் சொன்னார். காலையில் என்னைப்போல் அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்பாள்; மாலையில் என் முகத்தில் விழிக்கமாட்டேன் என்பாள். கல்லாறு தாண்டி மலையேறத் தொடங்கினால் என் கைப்பேசியில் சிக்னல் போய்விடும். மேலே வந்து பார்த்தால் நாற்பது அழைப்புகள் வந்திருக்கும், செத்துப்போகிறேன் என்று செய்தியும் இருக்கும். குரைக்கிற நாய் கடிக்காது, எல்லாம் நடிப்பு என்கிறார் அம்மா. எனக்கும் சில நேரம் அப்படித்தான் தோன்றுகிறது. மாத்திரையை எத்தனை காலம் சாப்பிட வேண்டியிருக்கும்? ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வருவதாகச் சொல்கிறது. அவர்களிடம் இதைச் சொல்லலாமா? கல்யாணமானால் சரியாகிவிடுமா?

ச., குன்னூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் கோத்தகிரியில் உறைபனி விழத் தொடங்கியது. பனி விழும் இரவுகளில் எனக்கு ஒருத்தியின் நினைவு வரும். அவளைப் பற்றி எழுதவேண்டும் என்று பல ஆண்டுகளாக எண்ணி எழுதாமலே இருந்தேன். அதனால் உங்களுக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இந்தக் கோளாறுக்கென்றே தனியாக மாத்திரை கிடையாது. கூடவே வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும்தான் தருகிறார்கள். முதன்மையான சிகிச்சை பேச்சுவழிச் சிகிச்சை. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கல்யாணம் எந்த நோய்க்கும் மருந்து அல்ல, அதை நம்பி ஓர் அந்நியப் பையனையும் சேர்த்து வதைக்காதீர்கள். இவற்றில் இதற்குமேல் பேச ஒன்றுமில்லை. உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் 'நடிப்பு' என்ற சொல்.

எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது பெரியம்மாவின் மகள் எங்கள் அடுத்த வீட்டில் இருந்தாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவள் அன்பு வைத்தால் மூச்சு முட்டும், கோபித்தால் வீடே அதிரும். மலையில் ஆண்டு முழுவதும் ஸ்வெட்டர் போட்டிருக்கும் பெண்ணை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. துவைக்கும் கல்லருகே ஒரு நாள் அவள் கையை மடித்துவிட்டபோதுதான் தழும்புகளை நான் பார்த்தேன். பெரியப்பா அவளைக் கீழே ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச்சென்றார். அங்கிருந்த மருத்துவர், அவள் எதிரிலேயே, "நாலு பேர் பார்க்கவேண்டும் என்று செய்கிறாள், கண்டுகொள்ளாதீர்கள், தானாக நின்றுவிடும்" என்றார். மருந்துச் சீட்டுக்குக் கட்டுப்படுவதுபோல எங்கள் இரண்டு வீடுகளும் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டன. ஒரு மார்கழி இரவில் அவள் எங்கள் கதவைத் தட்டி என் பெயரைச் சொல்லி அழைத்தாள். திறக்காதே என்றார் அப்பா. நான் கம்பளியை இழுத்துத் தலைவரை போர்த்திக்கொண்டேன். விடிந்தபோது புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்க, அவள் எங்கள் வாசல்படியில் ஒரு சாக்கைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு இருந்தது உங்கள் தங்கைக்கு இருப்பதுதானா என்று நான் சொல்லமாட்டேன். அவளுக்கு எவரும் எந்தப் பெயரும் வைக்கவில்லை. பெயர் வைக்கப்பட்டிருப்பது உங்கள் தங்கைக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. அந்தப் பெயர் 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஏறியது. அதிலுள்ள ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருந்தால்தான் நோயை உறுதிசெய்கிறார்கள். பட்டியலின் தொடக்கத்திலேயே நிற்பது, கைவிடப்படுவோமோ என்று அஞ்சி அதைத் தடுக்கப் பதறுவது. நெருங்கியவரை ஒரு வேளை தெய்வமாகவும் மறுவேளை பகையாகவும் காண்பது அதற்கு அடுத்தது. உங்களுக்கு வந்த நாற்பது அழைப்புகளை இப்போது மீண்டும் எண்ணிப் பாருங்கள். உங்கள் பெயர் திரையில் வராத ஒவ்வொரு நிமிடமும் அவளுக்கு நீங்கள் போய்விட்ட நிமிடம்.

மார்ஷா லைன்ஹான் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். சிலர் பிறவியிலேயே எதையும் விரைவாகவும் ஆழமாகவும் உணர்கிறார்கள், உணர்ந்ததிலிருந்து அமைதிக்குத் திரும்ப அவர்களுக்கு நெடுநேரமாகிறது. அப்படிப்பட்ட குழந்தையிடம், "இதற்கெல்லாம் யாராவது அழுவார்களா, உனக்கு ஒன்றுமில்லை" என்று சுற்றியிருப்பவர்கள் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தால், தான் உணர்வதை நம்பவும் அடக்கியாளவும் அது கற்றுக்கொள்வதே இல்லை. மெல்லச் சொன்னபோது காதில் வாங்காத வீடு, அலறியபோது மட்டும் ஓடி வருகிறது. அடுத்தமுறை அலறலிலேயே அவள் தொடங்குகிறாள். நாம் நடிப்பு என்று பெயர் சூட்டுகிற அந்த உச்சக்குரலை, தம்பி, மெல்லிய குரலுக்கெல்லாம் செவி மூடி நாமே அவளுக்குப் பழக்கிவிட்டிருக்கிறோம். நடிப்பவள் திரை விழுந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு சோறு உண்பாள். உங்கள் தங்கை அந்த இரவுகளுக்குப் பிறகு உண்கிறாளா, உறங்குகிறாளா என்று நீங்கள் பார்த்ததுண்டா?

லைன்ஹான் இதை ஏட்டில் மட்டும் படித்தவர் அல்லர். 1961-இல், 17 வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரின் மனநல மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு இரண்டு ஆண்டுகளுக்குமேல் அங்கே கிடந்தவர். 2011-இல் அதே மருத்துவமனையில் நின்று அதை உலகறியச் சொன்னார். அவர் உருவாக்கிய டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்ற பேச்சுவழிச் சிகிச்சையில் தனிச் சந்திப்பு, திறன்களைக் கற்பிக்கும் குழு வகுப்பு, நெருக்கடி வேளையில் தொலைபேசி வழிகாட்டல் ஆகியவை உண்டு. கோவையில் அதைப் பயின்றவர் இருக்கிறாரா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அமெரிக்க ஆய்வாளர் மேரி ஜனாரினியின் குழு 290 நோயாளிகளைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, அவர்களில் 93 விழுக்காட்டினருக்கு நோயறிகுறிகள் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது தணிந்திருந்தன. வேலையிலும் உறவிலும் முழுதாக நிமிர்ந்தவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர். அந்த மீதிப் பாதியை எண்ணித்தான் குடும்பத்தின் துணையைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

அம்மாவிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். மகள் சாகப்போகிறேன் என்று சொல்லும்போது அதை உண்மை என்று ஏற்றால் அந்தத் தாய் எப்படி உறங்குவாள்? நடிப்பு என்று சொல்லிக்கொண்டால்தான் அவரால் மறுநாள் அடுப்புப் பற்றவைக்க முடிகிறது. ஆனால் அந்தப் பழமொழியை உங்கள் வீட்டில் இனி ஒருவரும் சொல்லக்கூடாது. இந்தக் கோளாறு உள்ளவர்களில் தற்கொலையால் இறப்போர் உண்டு, அவர்களில் பலர் முன்னமே சொன்னவர்கள். அவள் சொன்னால், சாகவேண்டும் என்று தோன்றுகிறதா, எப்போதிலிருந்து என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து வீட்டில் இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள், மாத்திரைகளை உங்கள் அம்மாவின் பொறுப்பில் வையுங்கள், 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணை இருவர் கைப்பேசியிலும் பதிந்துகொள்ளுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அவள் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் எண்ணைத் தேடிக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

அவள் உணர்வை ஏற்பது அவள் செய்வதையெல்லாம் ஏற்பது ஆகாது. நாற்பது அழைப்புகளுக்கும் நீங்கள் பதில் சொல்லவேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்தில் பேருந்து நிற்கும்போதே, "இனி சிக்னல் இருக்காது, குன்னூர் வந்து இறங்கியதும் முதலில் உன்னைத்தான் கூப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டு ஏறுங்கள். இறங்கியதும் தேநீர்க் கடைக்குப் போவதற்கு முன்னால் கூப்பிடுங்கள். அவள் கத்தினால், "நான் வரவே மாட்டேன் என்று பயந்துவிட்டாயா" என்று கேளுங்கள், உடனே அறிவுரை சொல்லத் தொடங்காதீர்கள். ஒரு வாரம் செய்துவிட்டுப் பயனில்லை என்று எனக்கு எழுதாதீர்கள், மாதக்கணக்கில் செய்யுங்கள்.

என் அக்கா இருக்கிறாள். சிகிச்சை இல்லாமல், இருபது ஆண்டுகளை இழந்து, ஒருவாறு அடங்கிக் கரையேறினாள்; இப்போது தையல் கடை வைத்திருக்கிறாள். போன ஆண்டு அவளிடம் அந்த மார்கழி இரவுக்காக மன்னிப்புக் கேட்டேன். "அவ்வளவு கத்தினேனே, ஒருத்தராவது என்னடி ஆச்சுன்னு கேட்டிருக்கலாம்" என்றாள். பிறகு என் ஜாக்கெட்டின் அளவைக் கேட்டாள்.

ஈரோட்டுக் குடும்பத்திடம் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அம்மா சொன்னது இருக்கிறது, மருத்துவர் சொன்னது இருக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் கேட்பது இருக்கிறது. இந்தக் கல்யாணத்தைப் பற்றி உங்கள் தங்கை என்ன சொன்னாள் என்பது எங்குமே இல்லை. அவர்களை இப்போதைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, இந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போனதும் அவளிடம் கேளுங்கள்.