வட்டக் களத்துக்குச் சதுரக் கணக்கா?

கேள்வி: வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். மாடு கட்டிப் போரடித்த பழைய வட்டக் களத்தை, நெல் காயவைக்க சிமெண்ட் களமாக்குகிறோம். குறுக்கே 28 அடி. சதுர அடிக்கு 90 ரூபாய் பேச்சு. காண்ட்ராக்டர் 784 சதுர அடி என்று 70,560 ரூபாய் கேட்கிறார். சரியா?

பதில்: சரியில்லை. பணம் கொடுத்துவிடாதீர்கள்.

அவர் 28ஐ 28ஆல் பெருக்கியிருக்கிறார். அது சதுரத்தின் கணக்கு. உங்கள் களத்துக்கு நாலு மூலையும் கிடையாது. இல்லாத மூலைக்கும் சேர்த்துக் காசு கேட்கிறார். குறுக்களவில் பாதி, 14 அடி, அதுதான் ஆரம். 14ஐ 14ஆல் பெருக்கினால் 196. அதை 22ஆல் பெருக்கி 7ஆல் வகுத்தால் 616. உங்கள் களம் 616 சதுர அடி, கூலி 55,440 ரூபாய். 15,120 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்.

‘மூலையில் சேதாரம் போகும்’ என்பார். டைல்ஸை வெட்டி ஒட்டினால் சேதாரம் உண்டு. கொட்டிப் பரப்பும் கான்கிரீட்டில் ஏது? ‘ஐந்தரைக் குழி’ என்று பேச்சை மாற்றினாலும் மயங்காதீர்கள். குழி என்பது நில அளவு, ஒரு குழிக்கு 144 சதுர அடி. உங்களுடையது நாலேகால் குழிக்குச் சற்றே மேல், அவ்வளவுதான். 22/7ஆ, 3.14ஆ என்று வாதாடவும் வேண்டாம், ஒரு சதுர அடிகூட வித்தியாசம் வராது.

பள்ளிக்கூடத்தில் ‘பை ஆர் ஸ்கொயர்’ என்று மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். டேப்பை எங்கே பிடிப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எஸ்டிமேட் தாளிலும் நீளம், அகலம் என்றுதான் கட்டம் போட்டிருக்கிறது. அதில் 28, 28 என்று நிரப்பிவிட்டால் படித்தவர்களே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். எத்தனை வருஷமாகச் சொல்லியும் அந்தத் தாளை மாற்ற ஆளில்லை.

இனி அளப்பது. குறுக்களவு நடுவழியாகப் போனால்தான் சரி. ஓரமாகப் போனால் குறையும். பழைய களத்தில் நடுக்கம்பு நட்ட இடம் தெரிந்தால் கவலையில்லை. மண் மூடி நடு தெரியவில்லை என்றால் விளிம்போடு சுற்றி அளங்கள். கயிறு வேண்டாம், இழுத்தால் நீளும், டேப்பே போடுங்கள். 88 அடி வருகிறதா? 44ஆல் வகுத்தால் 2, அதை 7ஆல் பெருக்கினால் 14. ஆரம் கிடைத்துவிட்டது. சரிபார்க்க இன்னொரு வழி: சுற்றில் பாதி 44, குறுக்கில் பாதி 14, இரண்டையும் பெருக்குங்கள், அதே 616 வரவேண்டும். வராவிட்டால் எங்கோ டேப் தொய்ந்திருக்கிறது, மறுபடி அளங்கள்.

அங்குலத்திலும் ஏமாறுவார்கள். ஆரம் 14 அடி 6 அங்குலம் என்றால் 14.5, பலர் 14.6 என்று போடுவார்கள். அதிலேயே 9 சதுர அடி, 800 ரூபாய்க்கு மேல் போய்விடும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ‘வட்டம், ஆரம் 14 அடி, 616 சதுர அடி’ என்று எழுத்தில் வாங்குங்கள். விளிம்புக் கட்டு கட்டினால் அதை 88 அடி நீளத்துக்குத் தனியாகப் பேசுங்கள், தளத்தோடு சேர்க்க விடாதீர்கள்.