அலைச்சறுக்கு நமக்கு எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. சென்னைக்குப் பக்கத்திலுள்ள கோவளத்துக்குப் போய், பலகைமேல் நின்று அலையில் சறுக்கி வரும் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) பழகுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எனக்கோ கடல் என்றாலே அடிவயிறு கலங்குகிறது. வெள்ளைக்காரர் விளையாட்டுதானே, நமக்கு எதற்கு?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: வெள்ளைக்காரர் விளையாட்டு இல்லை, அம்மா. இது ஹவாய்த் தீவு மக்களுடையது. இதை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமான டியூக் கஹனமோக்கு அந்த மண்ணின் பிள்ளை, 1912 ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றவர். நம் கட்டுமரக்காரர்களும் கரை திரும்பும்போது தோதான அலை வரும்வரை காத்திருந்து, அதன் முதுகில் ஏறித்தானே வந்தார்கள்? கோவளத்தில் 2012ல் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கிய மூர்த்தி மேகவனும் மீனவர்தான். குப்பத்துப் பிள்ளைகள் நகரத்துக்காரர்களுக்கு ஆசிரியராக நிற்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நம் கடற்கரைகளில் உயிர் போவது பெரும்பாலும் கடலைப் படிக்கத் தெரியாததால். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் தண்ணீர் சாதுவாகக் கிடந்தால் 'இங்கே அலையே இல்லை' என்று நம் ஆட்கள் அங்கேதான் இறங்குவார்கள். கரையில் வந்து குவிந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வழியே அதுவாக இருக்கலாம், அதைத்தான் 'கடல் இழுக்குது' என்கிறோம். மாட்டிக்கொண்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தி, களைத்து, மூழ்குகிறார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் இழுப்பிலிருந்து வெளியே வந்துவிடலாம். பலகைக்காரர்கள் இதே இழுப்பைப் பிடித்துத்தான் சுலபமாக உள்ளே போகிறார்கள்! உங்கள் மகளும் முதலில் கரையில் உட்கார்ந்து இதைப் பார்க்கத்தான் பழக வேண்டும்.

அப்புறம், அலைக்கும் வரிசை உண்டு. அலை உடையும் முனைக்கு யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவருக்கே அந்த அலை, குறுக்கே பாயக் கூடாது. நம் பேருந்து நிறுத்தத்தில்கூட இந்த ஒழுங்கு இல்லையே.

சரி, அனுப்பலாமா? நீச்சல் நன்றாகத் தெரிந்த பிறகு அனுப்புங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலம் வேண்டாம். முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். வலை பிரிக்கும் யாரிடமாவது இன்று வன்னியா தெண்டியா என்று கேட்கச் சொல்லுங்கள். நீரோட்டம் வடக்கிலிருந்து வருகிறதா (வன்னி), தெற்கிலிருந்தா (தெண்டி) என்று சொல்வார்கள். கேட்டுவிட்டு இறங்கட்டும்.