பொட்டாசியத்தின் பத்தொன்பதாவது எலக்ட்ரான்

கேள்வி: எலக்ட்ரான் கூடுகளில் 2, 8, 18, 32 என்று நிரம்பும் எனப் படித்தேன். அதனால் பொட்டாசியத்துக்கு 2, 8, 9 என்று வரைந்தேன். 2, 8, 8, 1 என்று திருத்திக் கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டில்தான் இன்னும் இடம் இருக்கிறதே? காரணம் கேட்டால் மனப்பாடம் செய்துகொள் என்கிறார்கள்.

பதில்: மனப்பாடம் வேண்டாம், இதற்குக் காரணம் இருக்கிறது. 18 என்பது மூன்றாவது கூடான எம் கூட்டின் கொள்ளளவு. அதாவது, கூட்டின் எண்ணை வர்க்கப்படுத்தி இரண்டால் பெருக்கினால் அங்கே அதிகபட்சம் எத்தனை எலக்ட்ரான்கள் இருக்கலாம் என்று தெரியும், அவ்வளவுதான். எந்த வரிசையில் வந்து நிரம்பும் என்பதை அந்தச் சூத்திரம் சொல்வதே இல்லை. பாடத்தில் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால்தான் இத்தனை பேர் 2, 8, 9 என்று வரைகிறார்கள். உங்கள் தவறு இல்லை.

எம் கூட்டுக்குள் எஸ், பி, டி என மூன்று உட்கூடுகள் உண்டு, அவற்றில் முறையே 2, 6, 10 இடங்கள். ஆர்கானிலேயே எஸ், பி இரண்டும் நிரம்பி 8 ஆகிவிடுகிறது. மிச்சம் இருப்பது டி. ஆனால் பொட்டாசியத்தில் அந்த டி-யைவிட நான்காவது கூட்டின் எஸ் உட்கூட்டுக்கு ஆற்றல் குறைவு. ஏனென்றால் எஸ் எலக்ட்ரான் உள்கூடுகளை ஊடுருவி உட்கருவுக்குப் பக்கத்திலும் கொஞ்சம் இருக்க முடியும், அதனால் உட்கரு அதை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஆற்றல் குறைந்த இடத்துக்குத்தான் எலக்ட்ரான் போகும்.

சரி, இதை எப்படி நம்புவது? அயனியாக்கும் ஆற்றலைப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம் அது. பொட்டாசியத்திலிருந்து முதல் எலக்ட்ரானைப் பிரிக்க மோலுக்கு 419 கிலோஜூல் போதும், இரண்டாவதைப் பிரிக்க 3052 தேவைப்படுகிறது. ஒன்பதும் ஒரே கூட்டில் ஒரே மாதிரி இருந்திருந்தால் இப்படி ஏழு மடங்கு எகிறாது. கால்சியத்தில் 590, 1145, அப்புறம் திடீரென 4912: வெளியே இரண்டு பேர், மூன்றாமவர் உள்ளே இருக்கிறார். கூடு என்பது யாரோ வசதிக்காகப் போட்ட கோடு இல்லை என்று இந்த எண்கள் காட்டுகின்றன.

நீங்கள் வரைந்த 9 வீணாகவில்லை, ஸ்காண்டியத்தில் அது வருகிறது: 2, 8, 9, 2. அங்கிருந்து டி நிரம்பத் தொடங்கி துத்தநாகத்தில் 2, 8, 18, 2 ஆகும். நடுவில் குரோமியமும் தாமிரமும் வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரானோடு நிற்கும் என்பதால் ஆரம்பத்தில் முதல் 20 தனிமங்களை மட்டும் வரைந்து பழகுங்கள்.

கேள்வி: எலக்ட்ரான் நிஜமாகவே வட்டமாகச் சுற்றுகிறதா?

பதில்: இல்லை. 1913-இல் நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளர் அப்படி ஒரு மாதிரியைச் சொன்னார், ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகளை அது அழகாக விளக்கியது. 1926-இல் ஷ்ரோடிங்கர் என்ற இயற்பியலாளரின் சமன்பாடு வந்தபின் எலக்ட்ரான் எங்கே இருக்க வாய்ப்பு அதிகம் என்று மட்டுமே பேச முடிகிறது. ஆகவே நீங்கள் வரையும் வட்டத்தைப் பாதையாக எண்ணாமல் ஆற்றல் படியாக எண்ணுங்கள். அளவும் சரியாக வராது: உட்கருவை ஒரு மில்லிமீட்டர் புள்ளியாக வைத்தால் வெளிக்கூட்டைப் பத்துக்கணக்கான மீட்டர் தள்ளி வரைய வேண்டியிருக்கும். ஆனாலும் வரையுங்கள். வெளிக்கூட்டில் முதல் நான்கையும் நான்கு பக்கமும் தனித்தனியாக வைத்து, ஐந்தாவதிலிருந்து ஜோடி சேருங்கள். ஆக்சிஜனில் இரண்டும் குளோரினில் ஒன்றும் ஜோடியில்லாமல் நிற்பது தெரியும், அவை வழக்கமாக அத்தனை பிணைப்புகளைத்தான் உருவாக்குகின்றன.

கேள்வி: கூடுகளின் பெயர் ஏன் 'கே'-யில் தொடங்குகிறது?

பதில்: எக்ஸ் கதிர்களை ஆராய்ந்த பார்க்ளா, தான் கண்ட இரு வகைக் கதிர்களுக்கு கே, எல் என்று பெயர் வைத்தார்; அந்த எழுத்துகளே பிறகு கூடுகளுக்கும் பெயராயின. இன்னும் ஊடுருவும் திறன் மிகுந்த வகை பின்னால் கிடைக்கலாம் என்று முந்தைய எழுத்துகளை ஒதுக்கி வைத்திருந்தார். எதுவும் கிடைக்கவில்லை.

கேள்வி: சோடியம் அயனியை வரையும்போது 10 புரோட்டான் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. 11 புரோட்டான்தான், அதை மாற்றினால் அது நியான் ஆகிவிடும். வெளிக்கூட்டில் இருந்த ஒரே எலக்ட்ரானை எடுத்துவிட்டு 2, 8 என்று வரைந்து, படத்தை அடைப்புக்குள் வைத்து மேலே ஒரு கூட்டல் குறி போடுங்கள்.