ராத்திரி முழுக்க அழுகிறான்: கேள்வி பதில்

பெரம்பூரிலிருந்து: டாக்டர், பையனுக்கு 6 வயது. மாடிப்படியில் விழுந்து முழங்கைக்கு மேலே எலும்பு முறிவு. மூங்கில் பத்தை வைத்துக் கட்டினோம். ராத்திரி முழுக்க அழுகிறான், விரல்கள் வீங்கியிருக்கின்றன. எலும்பு முறிந்தால் வலிக்கத்தானே செய்யும்?

இதை வாசித்ததும் கட்டை அவிழ்த்துவிடுங்கள். பஞ்சு உட்பட, தோல் தெரியும் வரை. கையை நெஞ்சு மட்டத்தில் வையுங்கள். உயரத் தூக்கினால் ஏறுகிற ரத்தமும் குறையும். சாப்பிட எதுவும் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், மயக்க மருந்து தேவைப்படலாம்.

சுருண்ட விரலை மெல்ல நிமிர்த்தினால் அலறுகிறானா? முன்கைத் தசை உறைக்குள் அழுத்தம் ஏறி, ரத்தம் போகாமல் தசை திணறுகிறது என்று அர்த்தம். மணிக்கட்டில் நாடி துடிக்கிறதே என்று ஏமாறாதீர்கள், நாடி நிற்பது கடைசியில்தான். குழந்தைக்கு வலி மருந்து போதாமல் போவதே முதல் அறிகுறி. சுமார் 6 மணி நேரம் தாண்டினால் தசை சாகத் தொடங்கிவிடும்.

சிகிச்சை, முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை தோலையும் தசை உறையையும் கீறித் திறப்பது. எலும்புக்குக் கம்பியும் அப்போதே போடுவார்கள். புண்ணை உடனே தைக்க மாட்டார்கள். 2, 3 நாள் கழித்து வீக்கம் வடிந்தபின் தைப்பார்கள், மூடாவிட்டால் தொடைத்தோல் ஒட்டுவார்கள். தழும்பு பெரிதாக இருக்கும். அதற்குப் பயந்து கையெழுத்துப் போடத் தயங்காதீர்கள்.

தாம்பரத்திலிருந்து: இப்படிக் கட்டுப் போட்ட தங்கை மகளுக்கு ஒரு வருடமாக விரல் மடங்கியே இருக்கிறது. சரியாகுமா?

1881-இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபோல்க்மன் விவரித்த தசைச் சுருக்கம் போலிருக்கிறது. விரலில் ஓரளவு பலம் இருந்தால், தசையை எலும்பிலிருந்து விடுவித்துக் கீழே நகர்த்தலாம். தசை முழுக்க நாராகிவிட்டால், உள்தொடைத் தசை ஒன்றை ரத்தக்குழாய், நரம்போடு எடுத்துப் பொருத்துவார்கள். நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். அசைவு வர மாதங்கள் ஆகும்.

வியாசர்பாடியிலிருந்து: சார், பெஞ்ச் பிரஸ்ஸில் கம்பியை இறக்கும்போது அக்குள் பக்கம் 'படக்'கென்றது. தோள் எம்ஆர்ஐ நார்மல்.

தோள் எம்ஆர்ஐயில் மார்புத் தசைநார் முழுதாக வராது. மார்புத் தசைக்கென்று கேட்டு எடுங்கள். அக்குளின் முன்மடிப்பு மெலிந்திருந்தால் தசைநார் அறுந்திருக்கலாம். 6 வாரத்துக்குள் தைப்பது சுலபம். பிறகு நார் சுருங்கிவிடும்.

ராயபுரத்திலிருந்து: 40 நாள் குழந்தை, மஞ்சள் காமாலை. மலம் சுண்ணாம்பு நிறம். கீழாநெல்லி கொடுக்கலாமா?

வேண்டாம். பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். ரத்தத்தில் நேரடி பிலிரூபின் (பித்த நிறமி) அளவை இன்றே பாருங்கள். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கே நேராகப் போகலாம். கசாய் என்ற ஜப்பானிய மருத்துவர் பெயரால் அழைக்கப்படும் அறுவை சிகிச்சையில் நார்பிடித்த நாளத்தை எடுத்து, குடலைக் கல்லீரலோடு இணைப்பார்கள். 60 நாளுக்குள் செய்தால் பித்தம் வடியும் வாய்ப்பு அதிகம். உங்கள் கையில் இருப்பது 20 நாள், பரிசோதனைகளுக்கும் சேர்த்து.